தோணியில் வந்தோம் என்று மட்டும்

திங்கட்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் கொக்கிரகுளத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். கலெக்டர் ஆபீஸில் மனு நாள். முதியோர் பணம் நின்றுபோன ஆச்சிமார், பட்டா மாற்றக் கேட்டு நாலாவது தடவையாக வருகிறவர்கள், பக்கத்து வயல்காரன் வரப்பை வெட்டிவிட்டான் என்று கொதிப்போடு வருகிறவர்கள். என் அப்பா அங்கே வேப்பமரத்தடியில் மடக்கு மேஜை போட்டு முப்பது வருஷம் மனு எழுதினார். இப்போது நான் அதே தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பேனாவுக்குப் பதில் கம்ப்யூட்டர். மற்றபடி அதே வேலைதான்.

அப்பா எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றுண்டு. "மனுவுல ரெண்டாவது வரிதான் ஆளு. அதுல நீ என்ன பேர் வைக்கியோ, அந்தப் பேர்லதான் அதிகாரி கடைசி வரைக்கும் அந்த ஆள பாப்பாரு." ஒருத்தியை 'கணவனால் கைவிடப்பட்டவள்' என்று எழுதுவதா, 'இரண்டு பிள்ளைகளை உழைத்து வளர்க்கும் தாய்' என்று எழுதுவதா என்று அவர் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே யோசித்துக்கொண்டிருப்பார். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டு மனுவும் ஒன்றல்ல.

இரண்டு வருஷம் முன்னால், ஊருக்குத் தெற்கே இருக்கிற இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு பெண் வந்தாள். என் வயசுதான் இருக்கும். மகள் பி.காம். முடித்திருக்கிறாள், எங்கே வேலைக்குப் போனாலும் குடியுரிமை என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறது, அதற்கு ஒரு மனு எழுத வேண்டும் என்றாள். நான் பழக்கதோஷத்தில் தட்டிக்கொண்டே போனேன். 'நாங்கள் 1990ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து கள்ளத்தோணியில் தமிழகம் வந்து…' வாசித்துக் காட்டினேன். அவள் மேஜை விளிம்பில் கையை வைத்தாள்.

"அக்கா, அந்தக் 'கள்ள' மட்டும் வேணாம். தோணியில வந்தோம்னு மட்டும் போடுங்க."

க, ள், ள, த். நாலு எழுத்து அழித்தேன். வாக்கியம் ஒன்றும் குறைந்துபோகவில்லை. சொல்ல வேண்டியது முழுசாக அப்படியே இருந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த நாலு எழுத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு.

கள்ளச்சாராயம் என்றால் சாராயத்தில் கள்ளம் இருக்கிறது. கள்ளநோட்டு என்றால் அந்த நோட்டே பொய். கள்ளத்தோணியில் மட்டும் சேதி வேறு. தோணிக்கு என்ன கள்ளம்? அது பலகையும் ஆணியும். பள்ளிக்கூடத்தில் ஆகுபெயர் படித்திருப்போம்: 'ஊர் சிரித்தது' என்றால் ஊரில் இருக்கிற ஆட்கள் சிரித்தார்கள். அதே மாதிரி ஏறிவந்த தோணியின் பெயர் இறங்கிய மனிதருக்கு ஆகிவருகிறது. 'கள்ளத்தோணி வந்திருக்கான்' என்கிறோம். தோணி அன்றைக்கே திரும்பிப் போய்விடுகிறது. பெயர் மட்டும் அவரோடு தங்கி, பிள்ளைக்கும் பேரனுக்கும் போகிறது.

எங்கள் தாத்தா திசையன்விளைப் பக்கத்துக்காரர். பதினாறு வயசில், 1946-ல், கொழும்பு புறக்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடைக்குச் சாமான் கட்ட, மூட்டை தூக்கப் போனார். அப்போது அது வெளிநாடு என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. மதுரைக்குப் போகிற மாதிரி கொழும்புக்குப் போனார்கள். ஒரே வெள்ளைக்காரன், இரண்டு கரை. 1949 கடைசியில் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தார். கல்யாணம் முடிந்து திரும்பிப் போகிறபோது காகிதம் கேட்டார்கள். இலங்கை சுதந்திரம் வாங்கிய 1948-லேயே குடிவரவுச் சட்டம் போட்டு, மறுவருஷம் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. மூன்று வருஷம் வேலை பார்த்த கடை, கடையில் நின்ற சம்பளப் பாக்கி, தகரப்பெட்டி, எல்லாம் அந்தக் கரையில். ஆள் இந்தக் கரையில். நாலு மாசம் மனுப் போட்டுப் பார்த்தார். பிறகு ராமநாதபுரம் கடற்கரைக்குப் போய் ராத்திரி தோணி ஏறினார்.

வரிசையில் நின்று முறையாக வரவேண்டியதுதானே என்று கேட்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தா ஞாபகம் வரும். அவர் முறையாகப் போனவர்தான். அவர் கல்யாணப் பந்தலில் நின்றுகொண்டிருக்கும்போது முறை மாறிவிட்டது.

எட்டு வருஷம் அங்கே காகிதமில்லாமல் இருந்தார். 1952-லிருந்து இந்தியாவிலிருந்து தோணியில் வருகிறவர்களைத் தடுக்க இலங்கையில் ராணுவமே இறங்கியிருந்தது. கடைக்காரர் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்தாராம். "போலீசுல போய்ச் சொல்லுவியோ?" என்று கேட்டாராம். காகிதமில்லாத ஆளின் உழைப்பு மலிவாகிப்போவது இப்படித்தான். அவர்கள் வந்து மற்றவர்களின் கூலியைக் குறைக்கிறார்கள் என்று எங்கேயும் பேச்சு இருக்கிறது. குறைத்துக் கொடுக்கிற கையைப் பற்றிப் பேச்சு வருவதில்லை. 1958 கலவரத்துக்குப் பிறகு போதும் என்று ஊருக்கு வந்து சேர்ந்தார். அப்புறம் சாகிறவரை விளைக்கு வேலி கட்டிக்கொண்டு, முருங்கைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு இருந்தார். கொழும்பைப் பற்றிக் கேட்டால் மழையைப் பற்றி மட்டும் சொல்லுவார்.

எனக்குப் பத்து வயசு. 1991. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு எங்கள் பக்கத்திலும் பேச்சு மாறியிருந்தது. முந்தின வருஷம் வரை வீட்டிலிருந்து பழைய சேலை, போர்வை எடுத்துக் கொடுத்தவர்களே முகாம் ஆட்களைக் கண்டால் ஒதுங்கினார்கள். என் வகுப்பில் முகாமிலிருந்து ஒரு பிள்ளை படித்தாள். பல்லாங்குழியில் அவள் என்னை ஜெயித்துவிட்டாள் என்று, பையன்களிடம் கேட்ட சொல்லை எடுத்து அவள் மேல் எறிந்தேன். "போடி கள்ளத்தோணி." திண்ணையில் தாத்தா இருந்தார். என்னை அடிக்கவில்லை. கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"ஏட்டி, நானும் தோணியிலதான் போனேன். நான் யாரு வீட்டுலயாவது களவாண்டேனா? சொல்லு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு வேலிப்பக்கம் போய்விட்டார். அந்தப் பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அடுத்த வருஷம் அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. முப்பது வருஷம் கழித்து அதே சொல்லை நானே கம்ப்யூட்டரில் தட்டியிருக்கிறேன் என்பதுதான் அன்றைக்கு என்னைத் தூங்கவிடாதது.

மனு எழுத வந்த பெண் பிறகு அடிக்கடி வந்தாள். ஆதார் நகல், சாதிச் சான்று மாதிரி ஏதாவது ஒரு வேலை. கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கதையைச் சொன்னாள். கொள்ளுத்தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஆள் சேர்க்கிற கங்காணி கூட்டிப்போய் இலங்கை மலைத்தோட்டத்துக்குப் போனவர். அந்தக் காலத்தில் யாரிடமும் பாஸ்போர்ட் கிடையாது. இந்தியாவில் பாஸ்போர்ட்டுக்குச் சட்டமே 1920-ல்தான் வந்தது. தேயிலைக்குக் கூலி வேண்டும் என்று வெள்ளைக்காரத் துரைமார் கேட்டதால் போனார்கள். 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, அங்கேயே பிறந்து கொழுந்து கிள்ளிய லட்சக்கணக்கான பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆனார்கள். கடலைப் பார்த்தே இராதவர்களைக்கூட 'கள்ளத்தோணி' என்று அங்கே கூப்பிட்டார்கள். சிங்களப் பேச்சிலும் அந்தத் தமிழ்ச் சொல் அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது.

1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நாடில்லாதவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பத்து வருஷம் கழித்து அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நெல்லை எண்ணாமல் படியால் அளப்போம். அது மாதிரி அளந்திருக்கிறார்கள். தன் தாத்தா எந்தப் படியில் விழுந்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. 1977 கலவரத்தில் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டு வவுனியாப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியிருந்தார்கள். 1990-ல் மறுபடி சண்டை.

"பேசாலையில படகு. அம்மாவோட தோட்டைக் கழட்டிக் குடுத்தோம்க்கா. ராத்திரி மணல்திட்டுல இறக்கிவிட்டுட்டு, இதுதான் இந்தியான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. விடிஞ்சு பாத்தா நாலு பக்கமும் தண்ணி."

விசா எடுத்து வந்திருக்கலாமே என்று முகாமுக்கு வந்த ஓர் ஆள் அவளிடம் கேட்டாராம். ராமேஸ்வரம் தலைமன்னார் கப்பல் எண்பதுகளிலேயே நின்றுபோய்விட்டது. கப்பலும் இல்லை, வன்னியில் பாஸ்போர்ட் ஆபீஸும் இல்லை, குண்டு மட்டும் இருந்தது. தனுஷ்கோடி மணல்திட்டில் ராத்திரி முழுக்க முழங்கால் தண்ணீரில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றவர்களை, சட்டத்தை ஏமாற்ற வந்தவர்கள் என்று சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ. கரையேறியதும் அவர்களே போலீசிடம் போய்ப் பெயர் சொன்னார்கள். மண்டபம் முகாமில் வரிசையில் நின்று பதிவு செய்துகொண்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை முகாமில் அரசாங்கம் ஆள் எண்ணிக்கை எடுக்கிறது. வெளியூர் போக அனுமதி வாங்க வேண்டும். இந்த மாவட்டத்தில் இவர்களைவிட அதிகமாக அரசாங்கத்துக்குத் தெரிந்த மனிதர்கள் வேறு யாரும் கிடையாது. ஆவணமில்லாதவர்கள் என்று நாம் சொல்லுகிறவர்களிடம் ஒரு பை நிறைய ஆவணம் இருக்கிறது. வேண்டிய ஒன்றுதான் இல்லை.

அந்த ஒன்றைக் கேட்கப் போனால் சட்டத்தில் இன்னொரு சொல் நிற்கிறது. 2003-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது 'சட்டவிரோதக் குடியேறி' என்று ஒரு வகையைச் சேர்த்தார்கள். செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர், அல்லது அனுமதி முடிந்தும் தங்கியவர். அந்த வகைக்குள் வந்தவர் பதிவு செய்து குடியுரிமை கேட்க முடியாது. கொள்ளுத்தாத்தா சங்கரன்கோவில்காரர் என்பதால் அவள் இந்திய வம்சாவளி. தோணியில் வந்ததால் சட்டவிரோதக் குடியேறி. இரண்டாவது, முதலாவதை அடித்துவிடுகிறது. 2019 திருத்தம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் என்று மூன்று நாட்டிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் கதவு திறந்தது. அதில் இலங்கை இல்லை.

தேதிகள் செய்கிற வேலையையும் சொல்ல வேண்டும். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலை 1-க்கு முன்பே இந்த மண்ணில் பிறந்தவள் என்பதால் பிறப்பாலேயே இந்தியர் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போட்டு, 2022-ல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார். 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். அந்தச் செய்தியை இவள் வெட்டி பர்ஸில் வைத்திருக்கிறாள். இவள் மகள் பிறந்தது 2001. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில். 1987-க்குப் பிறகு பிறந்தால் அப்பாவோ அம்மாவோ இந்தியராக இருக்க வேண்டும். அந்தப் பிள்ளை "ஏல, என்னல" என்று நம்மைவிட அழுத்தமாகத் திருநெல்வேலித் தமிழ் பேசுகிறாள். இலங்கையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். அவளையும் வந்தவள் என்கிறோம். எங்கிருந்து வந்தாள்? ஹைகிரவுண்டிலிருந்தா?

என் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் இதையெல்லாம் பேசினால் உடனே ஒருவர் சொல்லுவார்: "இலவசமா சாப்பிட்டுட்டு இருக்காவ, அவுகளுக்கு என்ன குறை?" குடும்பத் தலைவருக்கு மாசம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவருக்கு 1,000, பிள்ளைக்கு 500. 2021-ல் கூட்டிய பிறகு இவ்வளவு. அதற்கு முன்னால் 1,000, 750, 400. இதை வைத்து யார் சும்மா உட்கார்ந்து சாப்பிட முடியும்? முகாமில் பாதி ஆண்கள் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். டீக்கடைக்காரர் போன வருஷம் கட்டிய புது வீட்டுக்குச் சாரத்தில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடித்தது யார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார். "அந்தத் தம்பி நல்ல பையன்லா," என்றார். தனி ஆளாகத் தெரிந்துவிட்டால் எல்லாரும் நல்ல பையன்கள்தான்.

எங்கள் வீட்டில் இன்னொரு கதையும் உண்டு. அத்தை மகன், எனக்கு அத்தான் முறை, ஃப்ரீ விசா என்று ஏஜெண்டிடம் ஒன்றரை லட்சம் கட்டி சவுதி போனார். ஃப்ரீ விசா என்றால் கஃபீல், அதாவது விசா கொடுக்கிற அந்த ஊர் முதலாளி, பெயருக்குத்தான், வேலை நாமே தேடிக்கொள்ள வேண்டும், வருஷா வருஷம் அவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். 2015-ல் கஃபீல் கூடுதலாகக் கேட்டார். அத்தானிடம் இல்லை. அவர் 'ஹுரூப்' போட்டுவிட்டார். ஓடிப்போனவன் என்று முதலாளி கொடுக்கிற புகார். ஓர் இடத்துக்கும் ஓடாமல் அதே அறையில் படுத்துக்கிடந்த மனிதர் ஒரு பதிவில் ஓடிப்போனவர் ஆனார். தங்குவதற்கான அனுமதி அட்டை, இக்காமா, போச்சு, ஆஸ்பத்திரி போச்சு, பணம் அனுப்பக்கூட அடுத்தவர் பெயர் வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு வளைகுடாவில் நம் ஆட்களே வைத்த பெயர் 'கல்லிவல்லி'. மாமா செத்தபோது அத்தான் வரமுடியவில்லை. செல்போனில் காட்டினோம். கொள்ளி வைக்கத் தம்பிதான் நின்றார். 2017-ல் சவுதி பொது மன்னிப்பு அறிவித்தபோது தூதரகத்தில் ஊர் திரும்ப அவுட்பாஸ் வாங்கி, கையில் ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார்.

அந்த இரண்டு வருஷமும் ஊரில் ஒருத்தரும் அவரைச் சட்டவிரோதக் குடியேறி என்று சொல்லவில்லை. "பாவம், மாட்டிக்கிட்டான்" என்றார்கள். "விசா முடிஞ்சுபோச்சாம், அவன் என்ன செய்வான்" என்றார்கள். மைனியை விசாரிக்க வந்தவர்கள் ஒரு படி அரிசியாவது கொண்டுவந்தார்கள். எங்களுக்கு அந்த மொழி தெரியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கடையநல்லூரில், மேலப்பாளையத்தில், காயல்பட்டினத்தில், வெளிநாட்டு வாழ்க்கையின் இந்தப் பக்கம் தெரியாத தெரு இருக்கிறதா? நம் ஆள் அங்கே மாட்டிக்கொள்கிறான். அடுத்த ஆள் இங்கே ஊடுருவுகிறான். ஒரே காரியத்துக்கு இரண்டு வினைச்சொல்.

அமெரிக்காவிலும் இதே சண்டைதான். 'சட்டவிரோதக் குடியேறி' என்று ஆளைக் குறிப்பதில்லை என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2013-ல் முடிவு செய்தது. ஐ.நா. பொதுச்சபை 1975-லேயே 'ஆவணமற்ற' என்ற சொல்லைப் புழங்கச் சொல்லிவிட்டது. வரி கட்டாமல் அனுபவிக்கிறார்கள் என்பது அங்கேயும் டீக்கடைப் பேச்சு. ஆனால் அப்படிப்பட்டவர்கள் 2022-ல் கட்டிய வரி 9,670 கோடி டாலர் என்று அங்கே ஒரு வரி ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. விசா முடிந்து தங்கியிருப்பது மட்டும் அந்த நாட்டில் குற்றவியல் வழக்கே அல்ல, குடியியல் மீறல். 2025 பிப்ரவரி 5 அன்று நம் ஆட்கள் 104 பேரை அமெரிக்க ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கினார்களே, கையில் விலங்கு, காலில் சங்கிலி. அந்தப் படத்தைப் பார்த்து டீக்கடையே கொதித்தது. "திருடனா வே அவன்? பொழைக்கப் போனவன்லா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி தாத்தாவின் கேள்வியாகக் கேட்டது.

அதே வருஷம் ஜூன் மாசம், மேற்கு வங்கம் பீர்பூம் மாவட்டத்துக் கர்ப்பிணிப் பெண் ஒருவரை டெல்லியில் பிடித்து, வங்கதேசத்தவர் என்று சொல்லி எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டார்கள். நீதிமன்றங்கள் தலையிட்டு டிசம்பரில்தான் திரும்பி வந்தார். அவர் பேசிய வங்காளம்தான் அவர் மேல் விழுந்த சந்தேகம். எங்கள் தெருவில் ஹோட்டலில் பரோட்டா வீசுகிற வங்காளப் பையன் அதற்குப் பிறகு ஆதார் கார்டை லேமினேட் செய்ய என்னிடம் கொண்டுவந்தான். ஒன்றல்ல, மூன்று காப்பி. ஒன்று சட்டைப்பையில், ஒன்று அறையில், ஒன்று முதலாளியிடம் என்று விரலால் காட்டினான். நான் காசு வாங்கவில்லை.

2025 மே மாசம் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில், உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்களை வைத்துக்கொள்ள இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று நீதிபதிகள் சொன்னார்கள். அவர்கள் சொன்ன சட்டத்தைப் பற்றி நான் வாதாட வரவில்லை. ஐ.நா.வின் 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை என்பதும் தெரியும். அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது. மங்கம்மாள் சாலை என்று பேர் சொன்னால் சத்திரம் கட்டினவள் என்றுதான் எங்கள் பக்கத்தில் அடுத்த வார்த்தை வரும். சத்திரம் வைத்த குடும்பம் என்றால் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். அந்தச் சொல்லை இழிவாகக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை எடுத்துவிட்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று வைத்தது. பெயர் மாற்றினால் என்ன கிடைக்கும் என்று நானே அப்போது நினைத்தேன். அவளிடம் கேட்டேன். "பஸ்ல கண்டக்டர்கிட்ட எறங்குற எடம் சொல்லணும்லக்கா," என்றாள். "முன்னாடி அந்தப் பேரச் சொல்ல மக வெக்கப்பட்டு, ஒரு ஸ்டாப் தள்ளி எறங்கி நடந்து வருவா." 2025 செப்டம்பரில் புதிய குடிவரவுச் சட்டம் வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட் இல்லாததற்காகத் தண்டிப்பதிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். சிறை இல்லை. குடியுரிமையும் இல்லை.

மனுவுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ரசீது எண் கொடுத்தார்கள். மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்று ஒரு கடிதம் வந்தது. அவள் அதையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறாள்.

போன மாசம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆன்லைனில் குடியுரிமை விண்ணப்பத்தையே போட்டுப் பார்த்துவிடலாம் என்று யாரோ சொன்னார்களாம். நான் திறந்தேன். பெயர் போட்டோம். பிறந்த இடம், திருநெல்வேலி. தாய் மொழி போட்டோம். அடுத்த கட்டத்தில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எண் கேட்டது. அதற்குக் கீழே விசா எண். இந்த ஊரைவிட்டு வெளியே போயிராத பிள்ளை அந்த இரண்டு கட்டத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுல என்னக்கா போடணும்?" என்றாள்.

வெளியே மனு நாள் கூட்டம் டோக்கனுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. நான் புதுப் பக்கம் திறந்து 'உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் நிறுத்தி, உன்னைப் பற்றி என்ன எழுத, நீயே சொல்லு என்று கீபோர்டை அவள் பக்கம் தள்ளினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒரு விரலால் எழுத்துக் கூட்டித் தட்டினாள்.

'நான் திருநெல்வேலியில் பிறந்தவள்.'